விழப்போகிற பல்

என் வேலை ஓட்டை பார்ப்பது. கைலாசபுரத்தை ஒட்டிய பெரிய தொழிற்சாலையில் இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கொதிகலனுக்குப் போகும் குழாய்களை வெல்டிங் வைத்து ஒட்டுவார்கள். ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை என் மேஜைக்கு அனுப்புவார்கள். விளக்குப் பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பேன். உலோகம் கெட்டியாக இருக்கும் இடம் வெளுப்பாகத் தெரியும், உள்ளே காற்றோ விரிசலோ இருந்தால் கறுப்பாகத் தெரியும். குண்டூசித் தலையளவு கறுப்புக்குக்கூடச் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெல்டர்கள் எனக்குப் பின்னால் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்படிப்பட்டவனிடம்தான் ஒரு பல் டாக்டர் எக்ஸ்ரே ஒன்றைக் காட்டி விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே அந்த டாக்டரின் கிளினிக். மகள் கொஞ்ச நாளாக இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள். முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். மனைவிதான் கவனித்து, பிடிவாதமாக எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். மேலே குழிவிழுந்த இடம் கறுப்பு. அது எதிர்பார்த்ததுதான். வேருக்கு அடியில், எலும்புக்குள், இன்னொரு கறுப்பு இருந்தது. டாக்டர் அதன்மேல் விரலை வைப்பதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம்.

"நரம்பு வரைக்கும் போயிடுச்சு சார். உள்ள சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு, மேல கேப் போட்டுடலாம். ரெண்டு மூணு தடவை வரணும்" என்றார்.

"பால் பல்லுதானே மேடம்? எப்படியும் விழத்தானே போகுது?" என்றேன்.

"விழும். ஆனா இந்தப் பல்லு பத்து வயசு தாண்டித்தான் விழும். அதுவரைக்கும் இருக்கணும். அடியில பாருங்க, புதுப் பல்லு வளர்ந்துக்கிட்டிருக்கு. சீழ் பிடிச்சா அதையும் கெடுக்கும், தாடைக்கும் பரவும். காப்பாத்த வேணாம்னா எடுத்தாவது விட்டுடணும் சார். அப்படியே மட்டும் விட்டுடாதீங்க."

நான் சிரித்தேன். "எங்க ஃபேக்டரியில ஸ்கிராப்புக்குப் போற பீஸுக்கு யாரும் ரிப்பேர் பாக்க மாட்டாங்க மேடம்."

"இது குழந்தை வாய் சார்" என்றார் டாக்டர். மனைவி என்னைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினோம். யோசிக்க ஒன்றுமில்லை, நான் முடிவு செய்துவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஊசி, இரும்புத் தொப்பி போல ஒரு கேப், மூன்று நாள் லீவு, இதெல்லாம் எதற்கு? நம் காலத்தில் பால் பல்லுக்கு யார் வைத்தியம் பார்த்தார்கள்? இப்படி வாதம் நிறைய வைத்திருந்தேன். உண்மையான காரணம் வேறு. அந்த நாற்காலியில் அவளைப் பிடித்து உட்காரவைத்து, அவள் அழுவதைப் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பல்லின் ஈறில் ஒரு சின்னப் பரு வந்தது, தானாகவே உடைந்தது. அதோடு வலியும் நின்றுபோனது. மகள் முறுக்குத் தின்றாள். "பாத்தியா, எல்லாம் வெளிய போயிடுச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். வென்றவன் மாதிரி சொன்னேன்.

பிறகு மாசி கடைசி வந்தது. நான் சமயபுரத்துக்கு மாலை போட்டேன்.

மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்த நாட்களில் சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். இவளைக் கொடுத்துவிடு, வருஷாவருஷம் விரதம் இருந்து நடந்து வருகிறேன் என்று. கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. மஞ்சள் வேட்டி கட்டி, கொள்ளிடம் பாலம் தாண்டி நடந்து போவேன். அந்த நாட்களில் அம்மனே தன் பிள்ளைகளுக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்பது நம்பிக்கை. சமைத்த சோறு அவளுக்குக் கிடையாது. பச்சரிசியும் வெல்லமும் சேர்த்த துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான்.

பங்குனி பிறந்து இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மகள் எழுந்து வந்தபோது வலது தாடை வீங்கியிருந்தது. லேசாகக் காய்ச்சல். அதற்கு முந்தின வாரம்தான் அவள் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி என்று ஸ்கூல் வாட்ஸப் குழுவில் எச்சரிக்கை வந்திருந்தது.

"அந்தப் பல்லு இருக்குற பக்கம்தாங்க வீங்கியிருக்கு" என்றாள் மனைவி. "டாக்டருக்கு ஒரு போன் பண்ணிப் பாக்கலாமே."

"கிளாஸ்ல மூணு பேருக்கு வந்திருக்கு. நான் மாலை போட்டிருக்கேன். பங்குனி மாசம். ஆத்தா நம்ம வீட்டுக்கு வந்திருக்கா, நீ பல்லு டாக்டரைக் கூப்பிடுறேங்குற."

"ஒரு போன்தானேங்க."

"அம்மை பாத்த வீட்டுல மருந்து கொடுப்பாங்களா?"

அவளும் முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். அம்மைக்கு மருந்து கொடுத்தால் ஆகாது என்று கேட்டே வளர்ந்தவள். அந்தப் பயத்தில்தான் நான் கை வைத்தேன். அவளே போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினாள். பொன்னுக்கு வீங்கிக்குக் கழுத்தில் பொன் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மனைவியின் தங்கச் சங்கிலியை இரண்டாக மடித்து மகளின் கழுத்தில் நானே மாட்டினேன். தாளிப்பதை நிறுத்தினோம். தலை வாருவதை நிறுத்தினோம். வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று நாளும் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

அன்று மத்தியானம் மகள் என்னிடம் வந்து, "அப்பா, ரொம்ப வலிக்குது" என்றாள்.

மடியில் உட்காரவைத்துக்கொண்டேன். "அப்படிச் சொல்லக் கூடாது சாமி. ஆத்தா வந்திருக்கா. வலிக்குதுன்னு சொன்னா கோவிச்சுக்குவா. ஆத்தா, குளிர்ந்து போன்னு சொல்லணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மனசுக்குள்ள சொல்லலாமாப்பா? வலிக்குதுன்னு?"

"மனசுக்குள்ளயும் சொல்லக் கூடாது" என்றேன்.

அவள் நல்ல பிள்ளை. சொன்ன சொல் கேட்பவள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. பானகம் கரைத்துக் கொடுத்தேன், துள்ளுமாவை உருட்டி வாயில் வைத்தேன். சொத்தைப் பல்லுக்கு வெல்லம். மெல்ல முடியாமல் கன்னத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி, மறுபக்கமும் பரவியிருந்தது. எனக்குத் திகில் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. நிம்மதிதான் வந்தது. பொன்னுக்கு வீங்கி இரண்டு பக்கமும்தானே வரும்! "இப்ப நம்புறியா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அன்று பகல் பதினொரு மணி இருக்கும். வீட்டுக்காரர் மனைவி, கீழ் வீட்டு மாமி, தண்ணீர் மோட்டார் விஷயமாகப் படியேறி வந்தார். வேப்பிலையைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றார். உள்ளே பாயில் மகள் உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது போல, முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். வாய் மூடவில்லை. எச்சில் ஒழுகி கவுன் நனைந்திருந்தது.

"கொழந்தை எச்சிலை முழுங்க முடியாம உக்காந்திண்டிருக்கா, பார்த்தேளா?" என்றார் மாமி. "இது என்ன அம்மை? எந்த அம்மைக்கு நாக்கு மேல தூக்கிண்டு நிக்கும்? மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கோ."

நான் பார்த்தேன். மூன்று நாளாக அவளுடைய நெற்றியில் விபூதியைப் பார்த்திருந்தேன், கழுத்தில் சங்கிலியைப் பார்த்திருந்தேன். வாயைப் பார்க்கவில்லை. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு அடியில் ஏதோ கெட்டியாகப் புடைத்து அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. மனைவி அதற்குள் மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் மஞ்சள் வேட்டியோடு ஆட்டோவில் ஏறினேன்.

காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஊர்ந்தது. மகள் மூச்சு விடும்போது ஒரு குறட்டைச் சத்தம் வந்தது. முழித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடமிருந்து குறட்டை. மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். தாடைக்கு அடியில் விரலை வைத்து அழுத்தினார். "வலிக்குதா பாப்பா?"

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையாட்டினாள்.

"இங்க?" இன்னும் அழுத்தினார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இல்லை என்றே தலையாட்டினாள்.

டாக்டர் குழம்பிப்போய் எங்களைப் பார்த்தார். "இவ்வளவு வீக்கத்துக்கு வலி இல்லைங்குறாளே. எத்தனை நாளா இருக்கு?"

மனைவிதான் பேசினாள். "அவங்க அப்பா இருந்தா சொல்ல மாட்டா டாக்டர்." என்னிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல், "நீங்க வெளிய போங்க" என்றாள்.

போனேன். கதவு முழுதாகச் சாத்திக்கூட இருக்காது, உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. வாயை அசைக்க முடியாத பிள்ளை தொண்டைக்குள்ளிருந்து கத்தினாள். "வலிக்குதும்மா. வலிக்குதும்மா." மூன்று நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் கத்தினாள். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பல்லில் இருந்த சீழ் தாடையைத் தாண்டி நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவி, மூச்சுக் குழாயை நெருக்கிக்கொண்டிருந்தது. அறுத்து வெளியே எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு நர்ஸ் வந்து, சங்கிலியைக் கழற்றச் சொன்னார். நான் மாட்டிய சங்கிலி வீக்கத்துக்குள் புதைந்து கிடந்தது. நர்ஸ் விரல் நுனியால் சதையை விலக்கி விலக்கி கொக்கியைத் தேடினார். கழற்றி என் கையில் கொடுத்தபோது மகளின் கழுத்தைச் சுற்றி இரண்டு வரி சிவப்பாகப் பதிந்திருந்தது.

"மயக்கம் கொடுக்கறப்ப மூச்சுக்கு வழி கிடைக்கலைன்னா, தொண்டையில ஓட்டை போட்டு ட்யூப் வைக்கணும். உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாத நிலைமை. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றார் பெரிய டாக்டர். ஓட்டை இருக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டவன், மகளின் தொண்டையில் ஓட்டை போடச் சம்மதம் என்று போட்டேன். வழக்கமான என் கையெழுத்து மாதிரி வரவில்லை.

ஓட்டை போடத்தான் வேண்டியிருந்தது. தாடைக்கு அடியில் ஒரு வெட்டு, தொண்டையில் ஒரு துளை. வெள்ளிக்கிழமை, தலைக்குத் தண்ணீர் ஊற்ற நான் நாள் பார்த்து வைத்திருந்த அன்று, அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷினோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பல்லை அறுவையின்போதே பிடுங்கிவிட்டார்கள். மறுநாள் எங்கள் பல் டாக்டர் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். அறுவைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எடுத்த தாடை எக்ஸ்ரேயை நான்தான் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே கறுப்பு. வளர்ந்திருந்தது. டாக்டர் பக்கத்தில் நின்றார். அன்னைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பிழைத்தாள். ட்யூபை எடுத்து, துளை மூடிக்கொண்டிருந்த நாட்களில் தினமும் தாடைக்கு அடியில் இருந்த புண்ணுக்குக் கட்டு மாற்றுவார்கள். நர்ஸ் பஞ்சை உள்ளே விட்டுச் சுத்தம் செய்யும்போது மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். ஒரு நாள் நர்ஸ் குனிந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆத்தா குளிர்ந்து போ, ஆத்தா குளிர்ந்து போன்னு சொல்லிக்கிட்டே இருக்கா சார். இந்த வயசுல என்ன பக்தி பாருங்க" என்றார். அன்று மாடிப்படியில் உட்கார்ந்து நான் அழுதேன். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.

அம்மன்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. சீழ் இருந்த இடத்தில் அவளை உட்காரவைத்து வேப்பிலை செருகியது நான். இப்போதும் சமயபுரம் போகிறேன், மாலை போடாமல், பஸ்ஸில். வேண்டுதல் ஒன்றும் வைப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுகிறேன்.

மகளுக்கு இப்போது பத்து முடிந்துவிட்டது. தாடைக்கு அடியில் உள்ள தழும்பு, தலையைத் தூக்கினால்தான் தெரியும். அவள் தூக்குவதில்லை. நன்றாகப் படிக்கிறாள், என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். ஸ்கூல் கதை, சினிமாக் கதை எல்லாம் சொல்வாள். உடம்பைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டாள். போன வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. இரண்டு நாள் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரிந்தாள். நான் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா" என்றாள். அம்மாவிடம்கூட மூன்றாம் நாள்தான் சொன்னாள்.

இப்போது அந்த இடத்தில் புதுப் பல் முளைத்திருக்கிறது. டாக்டர் அன்று சொன்னது போலவே கெட்டுத்தான் முளைத்திருக்கிறது. பழுப்பு நிறம், மேலெல்லாம் பள்ளம். இது விழப்போகிற பல் இல்லை. ஆயுசுக்கும் இருக்க வேண்டியது. முளைத்த வேகத்தில் சொத்தையும் விழுந்துவிட்டது.

அதற்கு வைத்தியம் தொடங்கிய முதல் நாள் நானும் உள்ளே போனேன். டாக்டர் மகளிடம், "வலிச்சா கையைத் தூக்கு, உடனே நிறுத்திடுவேன், சரியா?" என்றார். மகள் தலையாட்டிவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மெஷின் ஓடியது. கால் விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. கை வெளியே வரவில்லை. டாக்டர் சந்தேகப்பட்டு நிறுத்திப் பார்த்தார். மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவே இல்லை. "இவ்வளவு நேரம் எப்படிப் பொறுத்துக்கிட்ட? ஏன் கையைத் தூக்கல?" என்று கேட்டார். மகள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு, "வலிக்கல" என்றாள்.

எனக்கு விஷயம் புரிந்தது. அடுத்த முறை நான் மேலே போகவில்லை. அம்மாவும் மகளும் படியேற, மருந்துக் கடை ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு கீழேயே நின்றேன். சாயங்கால நேரம், கோயிலுக்குப் போகிற கூட்டம் போய்க்கொண்டிருந்தது. மாடி ஜன்னல் திறந்திருந்தது. மெஷின் சத்தம் கேட்டது. உலகத்தில் எந்தத் தகப்பனும் இப்படி வேண்டியிருக்க மாட்டான். கத்திவிடு சாமி, ஒரு தடவை வலிக்குதுன்னு கத்திவிடு என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மெஷின் நின்றது, ஓடியது, நின்றது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை.

அரை மணி நேரத்தில் இறங்கி வந்தார்கள். மகள் கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு போய் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கையைத் தூக்கினாளா?"

"இல்ல."

"நான்தான் உள்ள வரலையே."

மனைவி வண்டியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்க கீழ நிக்கிறது அவளுக்குத் தெரியும்ல" என்றாள்.